ஐந்தாம் நாள் வளர்ந்தது

– அந்த டம்ளர்ல வேணாம்ணா. பேப்பர் கப் இருக்கு பாருங்க, அதுல குடிங்க.

– ஏம்மா, ஸ்டீல் டம்ளருக்கு என்னா? தண்ணி தானே குடிக்கப் போறேன்.

– நாங்க குடிக்கிற டம்ளர் அது. குடிச்சிட்டு கப்பைக் கசக்கி அந்த மஞ்சக் கவர் போட்ட தொட்டியில போடுங்க. மத்த குப்பையோட வேணாம்.

– மஞ்சக் கவரா… தா பாரும்மா, பயமுறுத்தாத. ரிப்போர்ட்டு வந்துச்சா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு. மத்திகிரியிலேந்து டவுன் பஸ்ல தொங்கிக்கினு வந்துக்கிறேன். ஞாயித்துக்கெழம லேப்பு பூட்டியிருக்கும், போவாதன்னு என் சம்சாரம் சொன்னா. 'லேப்லேந்து அஸ்பியா பேசறேன், ரெண்டு மணிக்கு வாங்க'ன்னு நீ போன் பண்ணதால தான் வந்தேன்.

– பூட்டியாச்சுதான். பன்னெண்டு மணிக்கே எல்லாரும் கெளம்பிட்டாங்க. உங்களுக்காகத்தான் ஷட்டரைப் பாதி தூக்கி வச்சிருக்கேன். உக்காருங்க. பேரு சம்பங்கி, வயசு அம்பத்தி நாலு. சரிதானே?

– சரிதான்.

– வேலை?

– மூக்கண்டப்பள்ளியில சிஎன்சி ஷாப்பு. மெயின்டனன்ஸ் சூப்ரவைசர்.

– கூலன்ட் டேங்க் உங்க பொறுப்பு.

– ஆங். அது எப்புடிம்மா தெரியும் உனக்கு?

– சட்டையில வாசனை வருது. மெஷின் இரும்பை வெட்டும்போது சூடு தணிய ஊத்துவாங்களே, பால் மாதிரி தண்ணி, அந்த வாசனை. எத்தனை தடவை துவைச்சாலும் போகாது.

– மூக்கு நல்லா இருக்குதும்மா உனக்கு. எங்க வூட்டுல வெங்கடம்மா இருவத்தி ரெண்டு வருசமா தொவைக்கிறா. அவளுக்கே இப்ப அந்த வாசன தெரியறதில்ல.

– நான் நாலு வருஷம்தான் துவைச்சேன். மறக்கல.

– நாலு வருசமா? யாரு சட்டைய?

– பொறுங்க. ரிப்போர்ட் கேட்டீங்கல்ல, அதைச் சொல்றேன். மூணு நாள் காலைல சளி குடுத்தீங்க. ஒரு துளி எடுத்து கண்ணாடியில தேச்சு, செவப்புச் சாயம் ஊத்தி, சூடு காட்டி, அதுக்கு மேல ஆசிட் ஊத்தினேன். மத்த எல்லாக் கிருமியும் சாயத்தை விட்ருச்சு. ஒண்ணு மட்டும் விடல. மைக்ராஸ்கோப்புல செவப்பா, குச்சி குச்சியா நிக்குது. வந்து பாக்கறீங்களா?

– நான் பாத்து என்னா ஆவப் போவுது. அப்புடின்னா என்னா?

– இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

– டிபியா?

– நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.

– அய்யய்யோ, பேடம்மா, பேடவே பேடா, அந்த நோவே வேணாம். இரு… இருமல் வருது… ம்… போச்சு. தா பாரும்மா, என் பொண்ணு சௌமியாவுக்கு ஆனேக்கல்ல சம்பந்தம் பேசி வச்சிருக்கோம். தையில கல்யாணம். வூட்டுல டிபின்னு காத்துல போனாலே போதும், அவங்கோ தாம்பாளத்தத் திருப்பி அனுப்பிருவாங்கோ. நிமோனியா, ஆஸ்துமா, ஏதோ ஒண்ணு எழுது. உனக்கு புண்ணியமாப் போவும்.

– எழுதலாம். எழுதினா நாளைக்கு நீங்க ஷிப்டுக்குப் போவீங்க. இருமுவீங்க. மேனேஜர் ஹரீஷ்குமார் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு ரெண்டு நாள் பாப்பாரு. மூணாம் நாள் ஒரு ஆளை அனுப்புவாரு. அந்த ஆளு உங்களை லைன் நடுவுல நிக்க வச்சு, முப்பது பேரு காதுல விழற மாதிரி சொல்லுவாரு: 'வூட்டுலேந்து கொண்டாந்த நோவ்வ ஷாப்புல பரப்பாத.' உங்க டீ கப்பை எடுத்து கம்ப்ரஸர் ஷெட்டுக்கு எறிவாரு. 'இனிமே உனக்கு சோறு அங்கதான்' அப்படிம்பாரு.

– யாரும்மா அப்புடிச் சொல்லுவாங்கோ? நாங்க மனுசங்க தானே.

– நீங்க சொன்னீங்க.

– நானா?

– வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அவரு வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. எனக்கு ஒரு தடவை போதும்.

– யாரு அது?

– உஸ்மான். மூணாம் நம்பர் மெஷின்.

– உஸ்மானு… உஸ்மானு… காண்ட்ராக்ட்ல நூறு பேரு வராங்கோ, நூறு பேரு போறாங்கோ. எல்லாரையும் எங்க ஞாபகம் வச்சிக்கறது.

– டோக்கன் நாப்பத்தேழு.

– ஆங், நாப்பத்தேழு! ஒல்லியா, நெட்டையா. நல்ல செட்டரு, மிஷினுக்கு அளவு செட் பண்றவன். மைக்ரோமீட்டரு வெக்கறதுக்கு முந்தி கையால தடவியே சைஸு சொல்லுவான். மொதல்ல அவனுக்கு வேற நம்பரு, காண்ட்ராக்டரு மாறனப்ப நாப்பத்தேழு குடுத்தாங்கோ. டிபியில போயிட்டான் பாவம்.

– பேரைச் சொன்னா தெரியல. நம்பரைச் சொன்னதும் ஆளே எதிர்ல வந்து நின்னுட்டாரு.

– ஷாப்புல அப்புடித்தான்மா. நம்பரச் சொன்னாத்தான் ஆளு. நீ அவனுக்கு என்னா ஆவணும்?

– பொண்டாட்டி. குடிங்கண்ணா. கப்புல தண்ணி இன்னும் இருக்கு.

– நான் கெளம்பறேன்.

– ரிப்போர்ட் வேணாமா?

– உன் ரிப்போர்ட்டு தெரியும்மா எனக்கு. நீ வேணும்னே எழுதியிருப்ப. பழி வாங்கற.

– ஆமா. வாங்கறேன். உக்காருங்க.

– வேற லேப்புக்குப் போறேன். ஓசூர்ல லேப்புக்கா பஞ்சம்?

– போங்க. அங்கயும் இதே சாயம், இதே ஆசிட், இதே செவப்புக் குச்சி. அங்க இருக்கற பொண்ணுக்கு உங்களைத் தெரியாது. பாத்த உடனே டிபின்னு எழுதி நீட்டிடுவா. எனக்கு உங்களை நல்லாத் தெரியும். அதனாலதான் நான் அதோட நிறுத்தல. கல்ச்சர் போட்டேன்.

– அப்புடின்னா?

– வளர்ப்பு. சளியில இருக்கறதைத் தீனி போட்டு வளத்துப் பாக்கறது. இந்தச் சாதிக் கிருமிக்குத் தீனி முட்டை. முட்டையை ஒடைச்சுக் கலக்கி, பச்சைச் சாயம் சேத்து, சின்ன பாட்டில்ல ஊத்தி, சாய்ச்சு வச்சு ஆவியில வேகவைப்பாங்க. உறைஞ்சதும் அது மேல உங்க சளி.

– கிருமிக்கு முட்டையா? எங்க கேன்டீன்லயே வாரத்துக்கு ஒண்ணுதான் குடுக்கறாங்கோ.

– சிரிங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். முட்டையில போடறதுக்கு முன்னாடி சளியைக் காஸ்டிக் சோடாவுல கழுவணும். ஏன்னா நெஞ்சு ஒண்ணும் காலி வீடு இல்ல. நல்ல திடமான ஆளோட நுரையீரல்லயும் கிருமி குடியிருக்கு. கொஞ்சம்தான், ஆனா பல சாதி. மூச்சுல உள்ள வரும், இருமல்ல வெளிய போகும், ஒண்ணை ஒண்ணு தலை தூக்க விடாம வச்சிருக்கும். பாதிக்கு மேல, கிருமி வளக்கற எந்தத் தட்டுலயும் வளராது. ரத்தம் ஊத்தின தட்டு வச்சாலும் வராது. வளர்றதுங்க ஒரே ராத்திரியில தட்டு பூரா பரவிடும். டிபியோ சோம்பேறி. கண்ணுக்குத் தெரியவே நாலு வாரம், ஆறு வாரம். அதனால வேகமா வளர்றதை எல்லாம் சோடா போட்டுக் கொன்னுட்டு இதுக்கு எடம் விடறோம்.

– நான் சளி குடுத்து ஒம்போது நாளு தானே ஆவுது?

– ஆமா.

– அப்ப நாலு வாரம் ஆவாம ரிப்போர்ட்டு எப்புடி வந்துச்சு?

– இது கேள்வி. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி இந்தக் கேள்வியைக் கேக்கல.

– எவ?

– பொறுங்க. முதல்ல டேங்க்கைப் பத்திச் சொல்லுங்க. திங்கக்கிழமை நாத்தம்.

– அது எல்லா ஷாப்புலயும் வரும்மா. சனிக்கெழம மிஷின நிறுத்தனா ஞாயிறு பூரா கூலன்ட்டு ஓடாம நிக்கும். திங்கக்கெழம காலையில தொறந்தா அழுவுன முட்ட மாதிரி. பசங்க மூக்கப் பொத்திக்கினுதான் உள்ள வருவாங்கோ.

– வந்தா என்ன பண்ணணும்?

– டேங்க்க எறைச்சு, கழுவி, புதுசு ஊத்தணும். மாசத்துக்கு ஒரு தபா.

– பண்ணீங்களா?

– நம்ம கையில என்னா இருக்குதும்மா.

– ரிஜிஸ்டர் இருந்துச்சு.

– தா பாரும்மா, ஒரு டேங்கு கழுவுனா ஒரு ஷிப்டு லைன் நிக்கும். ஹரீஷ்குமாரு சாரு ஒத்துக்கவே மாட்டாரு. 'மருந்து ஊத்துங்க சம்பங்கி, நாத்தம் போனாப் போதும்'ன்னாரு. ஊத்தனேன். நாத்தம் நின்னுச்சு. பசங்களும் சந்தோசமாத்தான் இருந்தாங்கோ. உன் வூட்டுக்காரனே வந்து, 'அண்ணா, இப்பதான் மூச்சு வுட முடியுது'ன்னு சொன்னான்.

– அவரு சொன்னாரா?

– சொன்னான்மா. சிரிச்சிக்கினே சொன்னான்.

– … சரி. ரிஜிஸ்டர்ல என்ன எழுதினீங்க?

– 'கூலன்ட் மாற்றப்பட்டது'. கீழ என் கையெழுத்து.

– எத்தனை மாசம்?

– ஒரு வருசத்துக்கு மேல. பதினாலு மாசம் இருக்கும். அப்பறமும் எப்பவாவதுதான் கழுவறது.

– மருந்து ஊத்தினீங்களே, அது எதைக் கொன்னுச்சு தெரியுமா? நாத்தம் அடிக்கிற கிருமியை. அது நல்ல கிருமிண்ணா. நான் இங்க இருக்கேன், டேங்க் அழுகிடுச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது செத்ததும் நாத்தமே இல்லாத ஒண்ணு தனியா நின்னுச்சு. ஒடம்பு மேல மெழுகு பூசின மாதிரி இருக்கும். உங்க மருந்துக்கும் சாகாது, என் ஆசிட்டுக்கும் சாயம் விடாது. தடுக்க ஆளே இல்ல, மொத்த டேங்க்கும் அதுக்குத்தான். மெஷின் சுத்தும்போது வெள்ளையாப் பனி மாதிரி எழும்புமே, அதுல ஏறி நேரா நெஞ்சுக்குள்ள. பாத்தா டிபியோட பங்காளி மாதிரி. அதே குச்சி, அதே செவப்பு. ஆனா டிபி இல்ல.

– டிபி இல்லியா?

– இல்ல. ஒருத்தர்கிட்டேந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. தனித் தட்டு வேணாம். கம்ப்ரஸர் ஷெட்டுல சோறு வேணாம். அந்தத் தண்ணி பக்கம் போகாம இருந்தாப் போதும், முத்தறதுக்குள்ள பாத்தா நெஞ்சு தானா ஆறும்.

– அப்ப எனக்கு? எனக்கு எதும்மா? அதுவா, இதுவா? சொல்லு!

– பேனா இருக்கா உங்ககிட்ட?

– பேனாவா? எதுக்கு?

– இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட. தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார். பதினாலு மாசம் டேங்க் கழுவல, மாத்தினதா எழுதினது பொய், சொன்னது ஹரீஷ்குமார், எழுதினது சம்பங்கியாகிய நான். இதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் ரிப்போர்ட்டைச் சொல்றேன்.

– வேல போயிரும்மா.

– போகும்.

– என்ன உள்ள வெப்பாங்கோ.

– வைக்கட்டும்.

– உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியாம்மா? நான் அவனுக்கு நல்லது பண்ணவன். டிபின்னு ரெண்டு மாசம் வூட்டுல இருந்தான் இல்ல? கம்பெனி எடுக்கவே மாட்டேன்னுச்சு. நான்தான் சாருகிட்ட பரிஞ்சு பேசனேன். 'நல்ல கை சார், ஒடம்பு தேறிட்டான், வுட்டுறாதீங்க'ன்னு. மூணாம் நம்பர் மிஷினையே மறுபடி வாங்கிக் குடுத்தேன்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா இப்புடி?

– ரெண்டு மாசம் வீட்ல இருந்தாரு. இருமல் கொறைஞ்சுது. ரெண்டு மாடி ஏறினாரு. மாத்திரை வேலை செய்யுதுன்னு நெனச்சோம். மாத்திரை இல்ல, வேலைக்குப் போகாததுதான் வேலை செஞ்சிருக்கு. நீங்க வந்து கூப்பிட்டீங்க. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. எட்டு மாசத்துல நெஞ்சு தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சுன்னு ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னாரு. நீங்க அவருக்குச் செஞ்ச ஒரே நல்லது அது, சம்பங்கி அண்ணா. அதுலதான் செத்தாரு. சாவுக் காகிதத்துல காசநோய்னு போட்டிருக்கு. ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆளு வரல. பயம். அவரு மாமா ஜமீர் அகமதுவும் இன்னொருத்தரும்தான், மூக்கைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. டிபி கேவலம்னு நான் சொல்லல. டெய்லி நூறு பேரு சளி பாக்கறவ நான். வராத நோயைப் போட்டு அனுப்பினாங்க, அதைச் சொல்றேன்.

– டிபின்னு நாங்களாம்மா சொன்னோம்? நாங்க என்னா டாக்டரா? கேம்ப்பு போட்டாங்கோ, சளி எடுத்தாங்கோ, லேப்பு டிபின்னு எழுதுச்சு. அந்தக் காகிதத்த வச்சிக்கினுதான் நான் அவன லைன்ல நிக்க வச்சேன். லேப்பு சொன்னத நம்புனது என் தப்பா?

– இல்ல. அதுல நீங்க சொல்றது நியாயம்.

– எந்த லேப்பு?

– இதே லேப். இதே மேசை.

– அப்ப கேக்கறேன், அவனுக்கும் இந்த முட்ட வளர்ப்பெல்லாம் போட்டாங்களா இல்லியா?

– போட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல ஆமா இல்லன்னு சொல்ற மெஷின் டெஸ்ட் இருக்கு. கம்பெனி அதுக்கு ஒத்துக்கல. ஸ்லைடு, கல்ச்சர், அவ்வளவுதான். பெட்டியில பதினோரு பேரு சளி வந்துச்சு. எல்லாத்துலயும் டோக்கன் நம்பர், பேரு இல்ல. ஒரு பாட்டில்ல மட்டும் அஞ்சாம் நாள் வளந்துச்சு. பச்சை முட்டை மேல வெண்ணெய் தடவின மாதிரி, வழவழன்னு.

– நாப்பத்தேழு.

– நாப்பத்தேழு.

– நாலு வாரம் ஆவும்ன்னியே. அஞ்சு நாள்ல வந்துச்சுன்னா அது டிபி இல்லன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணுமே!

– தெரிஞ்சிருக்கணும். இங்க அப்படி யாரும் நெனைக்கிறது இல்ல. அஞ்சு நாள்ல எது வளந்தாலும் ஒரே முடிவுதான்: சோடாவுல கழுவினது பத்தல, கண்ட கிருமி புகுந்துடுச்சு, பாட்டில் கெட்டுப் போச்சு. 'கன்டாமினேட்டட்'னு எழுதுவாங்க. பிரஷர் குக்கர் மாதிரி பெரிசா ஒண்ணு இருக்கு, அதுல போட்டு அவிச்சு அழிச்சுடுவாங்க. அப்புறம் மிச்சம் நிக்கிறது ஸ்லைடு ரிப்போர்ட் மட்டும்தான். செவப்புக் குச்சி. டிபி.

– இன்னொரு தபா சளி கேட்டிருக்கலாமில்ல?

– கேக்கறதுதான் முறை. கேக்கல.

– ஏன்?

– அந்த டெக்னீசியனுக்கு அன்னிக்கு அவசரம். வீட்ல ஆளுக்குக் காய்ச்சல், இருமல். போய்க் கஞ்சி வைக்கணும். அஞ்சு மணி டவுன் பஸ்ஸை விட்டா ஆறரைக்குத்தான் அடுத்தது. ரிஜிஸ்டர்ல ரெண்டு வார்த்தை எழுதினா, ஓடிட்டா.

– கஞ்சி வெக்கவா! ஒரு மனுசனோட உசுரு பாட்டில்ல இருக்குது, இவளுக்கு பஸ்ஸு முக்கியமா? அவதாம்மா கொலகாரி! அவளப் புடிக்காம என்னப் புடிச்சிக்கினு உக்காந்துக்கிற. நானாவது மேல ஒருத்தன் சொல்லி செஞ்சேன். அவளுக்கு யாரு சொன்னது? எழுதன கை அழுவிப் போவணும் அவளுக்கு.

– சரி.

– என்னா சரி? அவ இப்ப எங்க?

– வேலையிலதான் இருக்கா. சம்பளம் வாங்கறா, சாப்பிடறா, தூங்கறா.

– தூங்கறாளா! வெக்கம் கெட்டவ. தா பாரும்மா, அவ பேரையும் எழுது. அவ பேரு இருந்தா நான் கையெழுத்துப் போடறேன். அவ நல்லா இருக்க, நான் ஒருத்தன் மட்டும் மாட்டிக்க மாட்டேன்.

– அவ பேரு ஏற்கனவே இருக்கு. முதல் பேரே அவதான். ரெண்டாவது ஹரீஷ்குமார். நீங்க மூணாவது.

– சத்தியமா?

– அல்லா மேல ஆணை.

– அவள வுட்டுற மாட்டியே? நாளைக்கே பாவம் பொம்பளன்னு அவ பேர அடிச்சிற மாட்டியே?

– மூணு பேர்ல எவரை விட்டாலும் அவளை விட மாட்டேன்.

– குடு. எங்க போடணும்? இங்கயா?

– கீழ. தேதியும் போடுங்க. படிக்கலயா?

– என்னாத்தப் படிக்கறது, நீதான் சொன்னியே. இந்தா. போட்டாச்சு. இப்ப சொல்லு. எனக்கு என்னா?

– போனை எடுத்துப் பாருங்க. காலைல பத்து மணிக்கே அனுப்பிட்டேன்.

– எது?

– உங்க ரிப்போர்ட். வாட்ஸாப்புல.

– பத்து மணிக்கா? இரு, கண்ணாடிய எங்க வெச்சேன்… ஆங், பாக்கெட்டுல. 'காசநோய் மெஷின் டெஸ்ட்: இல்லை. கல்ச்சர்: ஐந்தாம் நாள் வளர்ச்சி, காசநோய்க் கிருமி அல்ல. நெஞ்சு நோய் நிபுணரைப் பார்க்கவும்.' … ஏம்மா. டிபி இல்ல எனக்கு.

– இல்ல.

– காலையிலியே அனுப்பிட்டு, இங்க உக்கார வெச்சி, பேப்பர் கப்பு, மஞ்சக் கவரு, அது இதுன்னு… என்ன ஏமாத்திக் கையெழுத்து வாங்கனியா?

– உஸ்மானுக்கு அது ஒரு வருஷம் நடந்துச்சு. உங்களுக்கு ஒரு மணி நேரம். எனக்கு அதுவே பத்தல.

– குடு அந்தப் பேப்பர! கிழிச்சிப் போடறேன்!

– கிழிங்க. பாட்டிலைக் கிழிக்க முடியாது. உங்க சளியில வளந்ததை மூணு பாட்டிலாப் பிரிச்சு வளக்கறேன். ஒண்ணு பெங்களூருக்குப் போயிருக்கு, அதோட பேரை உறுதி பண்ண. உஸ்மானோட பாட்டில் அவிஞ்சு அழிஞ்சு போச்சு, அவரு நெஞ்சு மண்ணுக்குள்ள போச்சு. இந்த ஊர்ல அந்த டேங்க்குக்கு உயிரோட இருக்கற சாட்சி ஒண்ணே ஒண்ணுதான்ணா. உங்க நெஞ்சு. நீங்க டேங்க்குல வளத்தீங்க, நான் முட்டையில வளக்கறேன்.

– நீ நல்லா இருக்க மாட்ட.

– இல்ல, இருக்க மாட்டேன். பேப்பரைக் கிழிக்கிறதுன்னா படிச்சுட்டுக் கிழிங்க. கண்ணாடிதான் போட்டிருக்கீங்களே. மேலேந்து படிங்க.

– என்னா படிக்கச் சொல்ற… 'புகாருக்கு உரியவர்கள். ஒன்று: டோக்கன் 47 சளி மாதிரியில் ஐந்தாம் நாள் வளர்ந்ததை, மறுமாதிரி கேட்காமல், கெட்டது என்று பதிந்து அழித்த ஆய்வக நுட்பநர்… அஸ்பியா. கணவர் பெயர்… உஸ்மான்.' … ஏம்மா. இது நீதானேம்மா? உன் புருசன்னு கூடவா உனக்குத் தெரியல?

– நம்பர் மாறினதையும், கேம்ப்ல சளி குடுத்ததையும் அவரு வீட்ல சொல்லல. பயம். உங்களுக்காவது நம்பரைச் சொன்னா ஆளு தெரிஞ்சுதுண்ணா. எனக்கு நம்பர் மட்டும்தான் தெரிஞ்சுது.